பகலில் எரிந்த விளக்கு

அக்காவுக்கு அந்தக் குடியிருப்பில் ‘சுவிட்சு’ என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தங்கைதான். அறையை விட்டு ஒரு காலை வெளியே வைக்கும்போதே அக்காவின் கை சுவிட்சுக்குப் போய்விடும். உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டாள். தங்கையின் கணவர் ஒருமுறை பாதிச் சவரத்தோடு இருட்டில் நின்றிருக்கிறார்.

இருவர் வீடும் எதிரெதிர்க் கட்டடங்களில். அக்கா இரண்டாம் மாடி, தங்கை மூன்றாம் மாடி. தங்கை தையல்காரி, ஜன்னலோரம் மிஷின் போட்டிருந்தாள். தலையைத் தூக்கினால் அக்காவின் சமையலறை ஜன்னல் தெரியும். விடியற்காலை ஐந்துக்கு அங்கே விளக்கு எரியும், வெளிச்சம் வந்ததும் அணையும். கடிகாரம் தோற்றுப்போகும். அக்கா தனி ஆள். கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாமல், பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்துத் தங்கையைக் கரையேற்றியவள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், காலை பத்து மணிக்கும் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கை வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அக்கா கடுங்காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். தேறி எழுந்ததும் சொன்னாள், “எனக்குப் பயமே இல்ல பாப்பா. லைட் எரிஞ்சா நீ வந்துடுவேன்னு தெரியும்.”

அதன் பிறகுதான் மின்சாரம் மலிந்தது. கூரைக்குக் கூரை சூரியத் தகடு வந்து, கட்டணம் இறங்கி இறங்கி, பில் வந்ததா இல்லையா என்றே யாரும் கேட்காத காலம் வந்தது. துணி காயப்போடும் கொடிகள் வெறுமனே தொங்கின. அறைக்கு ஒரு ஏசி ஓடியது, ஜன்னல்களைத் திறப்பாரில்லை. முன்பெல்லாம் அக்காவும் தங்கையும் ஜன்னலுக்கு ஜன்னல் சத்தம் போட்டே குடும்பக் கதை முழுவதையும் பேசி முடிப்பார்கள். அதுவும் நின்றது. தங்கை வீட்டில் எல்லா விளக்குகளும் இரவு பகல் பாராமல் எரிந்தன. யாருக்கும் அணைக்கக் கை போகவில்லை.

அக்கா மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. யாருக்காக இப்படி மிச்சம் பிடிக்கிறாய் என்று தங்கை நச்சரிப்பாள். வேலையில்லாத விளக்கு எதற்கு எரிய வேண்டும் என்பதோடு அக்கா பேச்சை முடித்துக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தங்கை மிஷினிலிருந்து நிமிர்ந்தாள். அக்காவின் சமையலறையில் விளக்கு எரிந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பாருங்க, சுவிட்சு திருந்திடுச்சு.”

அக்காவின் போனுக்கும் கேலியாக ஒரு செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை. அக்கா என்றைக்குத்தான் செய்தியைப் பார்த்தாள்?

புதன்கிழமையும் எரிந்தது. நூற்றைம்பது பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கவேண்டிய வாரம் அது, நிமிரவே நேரமில்லை. நிமிர்ந்தபோதெல்லாம் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. தனக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தவள், இனியாவது தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழன் மதியம், அழகான மேஜை விளக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போனாள். மணி அடித்துப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

அக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். செவ்வாய் விடியற்காலையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறாள். சுற்றிலும் ஏசி ஓட, ஜன்னல்கள் சாத்திக் கிடக்க, யார் காதில் விழும்?

மருத்துவமனையில், இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரில்லாமல் கிடந்ததில் சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனித் தாங்காது என்று டாக்டர் தங்கையைத் தனியே அழைத்துச் சொன்னார். சாயங்காலம் அக்காவுக்கு நினைவு தெளிந்தது.

“லைட் எரிஞ்சுட்டே இருந்துச்சு பாப்பா. நீ வந்துடுவேன்னு பார்த்துட்டே இருந்தேன்.”

தங்கை ஈரத் துணியால் அவள் உதட்டை ஒற்றினாள்.

“அப்புறம் ஜன்னல் வழியா மேல பார்த்தேன். உன் வீட்டு டியூப்லைட்டும் பகல்ல எரியுது. அப்பத்தான் புரிஞ்சுது. அவசரமா எங்கேயோ கிளம்பியிருக்கீங்க, அணைக்க மறந்துட்டீங்கன்னு. ஊர்ல இல்லதானே?”

தங்கை அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தேகம் துளியும் இல்லை. பார்த்தேன், பார்த்துச் சிரித்தேன் என்று எப்படிச் சொல்வாள்?

“ஆமாக்கா. ஊருக்குப் போயிருந்தோம்.”

“அதானே. இருந்திருந்தா ஓடி வந்திருப்பியே.” அக்காவுக்கு மனசு ஆறியதுபோல இருந்தது. “இனிமே கிளம்புறப்ப அணைச்சுட்டுப் போ.”

சனிக்கிழமை அக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து நாலாம் நாள் பகலில், அந்த வீட்டைப் பூட்டத் தங்கை மட்டும் போனாள். சமையலறையில் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தாள். அக்கா கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, அழுகை ஓய்ந்தபின் ஜன்னல் வழியே மேலே பார்த்தாள். அவள் வீட்டில் விளக்கு எரிந்தது. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.