முதல் தண்ணீர்

பாலகுருவின் வலது கையை உடைத்தது நான்தான். மண்வெட்டிக் காம்பால் அடித்தேன். இரண்டாவது அடியிலேயே எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாவதும் போட்டேன்.

எங்கள் அப்பா வைத்த முந்திரித் தோப்பு, நாற்பது மரம். நான் உப்பளத்தில் கிடந்த காலமெல்லாம் பார்க்க ஆளில்லாமல் காய்ப்பு நின்றுபோனது. இடுப்பளவுக்கு வெட்டினால் புதுசாகத் துளிர்க்கும் என்று விவசாய ஆபீசில் சொன்னார்கள். நம்பவில்லை. போன மாசியில் ஒன்றை மட்டும் வெட்டிப் பார்த்தேன். துளிர்த்தது. இந்த மாசியில் மீதியையும் வெட்டினேன். வாரம் ஒரு தண்ணீர் போதும் என்றார்கள். அதையும் நம்பவில்லை. விடிந்ததும் போர் மோட்டாரைப் போட்டால் பொழுது சாயும்வரை ஓடும்.

சித்திரையில் துளிரெல்லாம் நுனி கருகியது. மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு. தண்ணீரில் குறையில்லை, தினமும் காலையில் மோட்டார் போட்டதும் ஒரு கை ஏந்திக் குடிப்பேன், இளநீர் மாதிரி இருக்கும். தோப்புக்குத் தெற்கே பாலகுருவின் உப்பளம். அவன்தான் உப்புத்தண்ணீர் வாய்க்காலை என் பக்கம் திறந்துவிடுகிறான் என்று முடிவு கட்டினேன். கரையில் உடைப்பு எதுவும் இல்லை. உடைத்துவிட்டு அடைத்திருப்பான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி. தோப்புக்குள் போகிறேன், மோட்டார் கொட்டகையில் பாலகுரு. சுவிட்சில் கை.

"டேய், யார் வூட்டு மோட்டார்ல கைய வைக்கிற?"

"நிறுத்து மாமா மொதல்ல. இந்தத் தண்ணி..."

"உப்ப வுட்டது பத்தாதுன்னு மோட்டாரையும் கொளுத்த வந்தியா?"

"நானா வுட்டேன்? உப்பு வாரி வாரி ஒனக்கு மூளையிலயும் உப்பு பூத்திருக்குது. தண்ணிய வாயில வெச்சிப் பாரு!"

மூளை என்றது மட்டும் காதில் விழுந்தது. அடித்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த என் பெண்சாதி கொளஞ்சியம்மாள் காம்பைப் பிடுங்கி எறிந்தாள். குப்புற விழுந்து கிடந்தவனின் வாயில் ரத்தம். ஓடிக்கொண்டிருந்த குழாயை இழுத்து அவன் முகத்தைக் கழுவினாள். அவன் துப்பினான். அவளும் ஒரு வாய் வைத்தாள். பிறகு குழாயை என் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"குடிய்யா. இப்பக் குடி."

உப்பு. நான் வேலை பார்த்த உப்பளப் பாத்தித் தண்ணீர் மாதிரி.

"பொழுதன்னைக்கும் எறைச்சா கடல் தண்ணி உள்ள வராம என்ன பண்ணும்?" என்றாள். "காலையில மொத தண்ணிய மட்டும் குடிச்சிட்டு, பெரிய நியாயம் பேசிக்கினு ஊரான் கைய ஒடச்சிட்டியே!"

மோட்டாரை நிறுத்தினேன். பாலகுருவை ஆட்டோவில் ஏற்றினார்கள். என்மேல் கேஸ் இருக்கிறது.

பதினோரு மரம் மட்டும் இன்னும் பச்சையாக நின்றது. பக்கத்தில் நல்ல தண்ணீர் பாலகுரு வீட்டு மணல் ஊற்றில்தான் இருக்கிறது. பத்தாம் நாள் காலையில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு போனேன். அவன் பெண்சாதி அம்சவல்லி வாசலிலிருந்தே கல்லை விட்டெறிந்தாள். முதல் கல் தோளில். இரண்டாவதில் நெற்றி பிளந்தது. நான் குனிந்து மொண்டேன்.

கட்டுப் போட்ட கையோடு பாலகுரு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடத்து மேல போடாத, அம்சா," என்றான். "ஓட்டையாயிட்டா அந்தாளு இன்னும் நாலு நடை சேத்து வருவான்."

மூன்றாவது கல் முதுகில் பட்டது. கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது குடத்தையும் நிரப்பினேன்.