கேட்காமல் விட்ட நான்கெல்லை

'நான் விவரம் தவறாகச் சொன்னதால் மனுவில் நான்கெல்லை பிழையாகிவிட்டது.'

வரியை அடித்து முடித்த பிறகும் ஏஞ்சலினுக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை. 'நான்' என்பது கட்சிக்காரி, பரளச்சி ஊர் முத்துத்தாய். பிழை அவளுடையதல்ல என்று ஏஞ்சலினுக்கும் தெரியும், வக்கீல் சுந்தரபாண்டிக்கும் தெரியும்.

அருப்புக்கோட்டையில் அவர் ஆபீஸில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம். டைப்ரைட்டர் இருந்தவரை, நிலத்தின் நான்கெல்லையை அடிக்கும் முன் கட்சிக்காரரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் புஞ்சை நடுவே நிற்பதுபோல ஒவ்வொரு திசையாகக் கையை நீட்டுவார்கள். தப்பினால் தாள் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டுமே என்ற பயத்தில் வந்த வழக்கம் அது. போன வருஷம், தொண்ணூற்றைந்தில், கம்ப்யூட்டர் வந்தது. தூசி ஆகாதென்று ஜன்னல்களை அடைத்தார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். திரும்ப அடிக்கும் பயம் போயிற்று, வாசிப்பதும் போயிற்று. பழைய மனுவைத் திறந்து பேரை மாற்றினால் புது மனு.

முத்துத்தாய்க்காக அப்படித்தான், முன்பு வந்த இருளப்பசாமி என்பவரின் மனுவைத் திறந்தாள். பேரையும் சர்வே நம்பரையும் மாற்றியவள் நான்கெல்லையை விட்டுவிட்டாள். எல்லை பொருந்தவில்லையென்று, முத்துத்தாய் கேட்ட தடையுத்தரவு கோர்ட்டில் கிடைக்கவில்லை. மறுவாரமே கொழுந்தன் சின்னத்துரை முத்துத்தாயின் புஞ்சையில் டிராக்டரை இறக்கிவிட்டான்.

"திருத்த மனு போட்டுருவோம்மா," என்றார் வக்கீல் காலையில். "நம்ம தப்புன்னு எழுதுனா நாளைக்கு எவன் இந்தப் படி ஏறுவான்? அந்தம்மா ரேகை வச்சுட்டுப் போயிரும்."

தன் நிலத்தின் எல்லையே தெரியாதவள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளுமே என்பதை ஏஞ்சலின் கேட்கவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

முத்துத்தாய் வந்தவுடன் இடது பெருவிரலை நீட்டினாள். "எங்கன வைக்க?"

பேசாமல் மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளியிருக்கலாம். ஏஞ்சலின் அந்த வரியை வாசித்தாள்.

"நானா தப்பாச் சொன்னேன், தாயி?" முத்துத்தாய் கம்ப்யூட்டரையே பார்த்தாள். "சொல்லித்தான் இருப்பேன். இம்புட்டுப் பெரிய மிசினு தப்பாவா அடிக்கும்? அந்தச் சின்னத்துரைப் பயல வஞ்சுக்கிட்டே பஸ்ஸுல வந்தேன், புத்தி எங்கிட்டோ போயிருக்கும்."

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. தன் புத்தியையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றாள். அது தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று உணர்ந்தபோது ஏஞ்சலினுக்கு உடம்பு கூசியது. இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை என்பதும் அதே நேரத்தில்தான் நினைவில் வந்தது.

"நீங்க சொல்லலக்கா. நான் கேக்கவே இல்ல."

வரியை அழித்தாள். அழித்த தடம்கூட இல்லை. 'வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்தவரின் பிழையால்' என்று அடித்தாள்.

"இப்பச் சொல்லுங்க. கெழக்க என்ன?"

முத்துத்தாய் கண்ணை மூடிக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை தயங்கி இறங்கியது. "இதுக்குள்ள கெழக்கு எங்கிட்டு இருக்குன்னே புடிபடலயே, தாயி."

ஏஞ்சலின் எழுந்து, ஒரு வருஷமாக இறுகிக் கிடந்த கொண்டியை இழுத்து ஜன்னலைத் திறந்தாள். வெயிலும் தெருப்புழுதியும் சேர்ந்து உள்ளே வந்தன.

"அங்கிட்டா," என்று திரும்பி நின்றாள் முத்துத்தாய். "கெழக்க சங்கையா புஞ்சை. தெக்க வண்டிப்பாதை. மேக்க ஓடை."

படியில் வக்கீலின் செருப்புச் சத்தம் கேட்டது. முத்துத்தாய் பேச்சை நிறுத்தி வாசலைப் பார்த்தாள். திரையில் அந்த வரி அப்படியே இருந்தது.

"வடக்க?" என்றாள் ஏஞ்சலின்.