உண்மையை எழுதிய அறிக்கை

விடியுமுன்னரே குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் தகரப் பெட்டிகள் வந்துவிட்டன. நெடுந்தீவு வாசிகசாலைக்கு மாதமொருமுறை போகும் புத்தகங்கள். கச்சான் காற்றில் மோட்டார் வள்ளம் துள்ளியது. பெட்டியின் ஒரு தலைப்பை மீனலோசனி பிடித்தாள், மறுதலைப்பை லியோன். தகர விளிம்பு விரல்களை அறுத்தது.

பேராதனையில் பட்டம், களனியில் நூலகவியல் டிப்ளோமா. படித்து மூன்று வருஷமாகியும் தீவு வாசிகசாலைகளை நடத்தும் சபையில் அவள் நாட்கூலிக்கு வேலை செய்யும் அமய ஊழியர்தான். நூல்களை வகுத்து எண்ணிடுபவளும் அவளே, தரை கூட்டுபவளும் அவளே. கொழும்பிலிருந்து வந்த பதில்களெல்லாம் வெற்றிடமில்லை என்றன.

"விடு தங்கச்சி, இதை நான் தனியத் தூக்கிறன்," என்றார் லியோன். வலையிழந்து இந்த வேலைக்கு வந்த அல்லைப்பிட்டிக் கடற்றொழிலாளி அவர்.

துறைக்கும் வள்ளத்துக்கும் இடையே போட்டிருந்த பலகையில் கால் வைத்தார். அது முறிந்தது. பெட்டியோடு விழுந்தவரை, அலையில் விலகித் திரும்பிய வள்ளம் துறைக் கல்லோடு சேர்த்து நெரித்தது. ஆஸ்பத்திரியில் வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சபைத் தலைவர் அரியநாயகம் அவளைக் கூப்பிட்டார். மேசையில் நியமனக் கடிதம் கிடந்தது. நூலகர், நிரந்தரம்.

"பிள்ளை, என்ரை கையெழுத்து மட்டுந்தான் மிச்சம். அதுக்கு முதல் விபத்தைப் பற்றி ஒரு அறிக்கை எழுதித் தாரும். அவன் குடிவெறியிலை விழுந்தவன் எண்டு."

"அவர் தேத்தண்ணிகூடக் குடிச்சிருக்கேல்லை ஐயா. பலகை உக்கினது. மாத்தச் சொல்லி மூண்டு தரம் எழுதித் தந்தனான்."

"அமயக் கூலிக்கு நட்டஈடு குடுக்கச் சபைக்கு ஏலாது. உம்மைப்போலப் படிச்சதுகள் எத்தினை வேலையில்லாமல் திரியுதுகள், தெரியுந்தானே?"

"ஓம், தெரியும்."

தெரிந்திருந்ததுதான் அவளை வதைத்தது. இதை விட்டால் இந்தப் படிப்புக்கு இன்னொரு கதவு திறக்கப்போவதில்லை. கதிரையில் அமர்ந்து எழுதினாள். உக்கிய பலகையை, அளவுக்கு மீறிய பாரத்தை, பதில் வராத மூன்று கடிதங்களை.

வாசித்துவிட்டுத் தலைவர் நியமனக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"நாளையிலிருந்து நீர் வரத் தேவையில்லை."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் லியோனின் மனைவி சூசையம்மா எல்லாவற்றையும் கேட்டாள். "எங்களுக்காக உன்ரை சீவியத்தைக் கெடுத்திட்டியே பிள்ளை," என்று அழுதாள். தான் செய்தது சரியா என்றுகூட அப்போது மீனலோசனிக்குத் தெரியவில்லை.

மத்தியானம் நெடுந்தீவு வாசிகசாலையின் தியாகலிங்கம் வந்தார். அவரும் அமய ஊழியர்தான். பின்னால் நயினாதீவிலிருந்தும் புளியங்கூடலிலிருந்தும் வாசிகசாலை ஊழியர் இரண்டு பேர்.

"உன்னை நிப்பாட்டினதாலை நாங்கள் ஒருத்தரும் இண்டைக்கு வாசிகசாலைக் கதவு திறக்கேல்லை, தங்கச்சி."

"உங்களையும் நிப்பாட்டுவினம் அண்ணை."

"நிப்பாட்டுவினந்தான். தலைவற்றை மருமோன் காலமையே ஒரு வாசிகசாலையைத் திறக்கிறதுக்குப் பூட்டை உடைச்சிட்டானாம்."

மீனலோசனி ஒரு தாளை எடுத்து, நட்டஈடும் நிரந்தர நியமனமும் கேட்டு எழுதினாள். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கடைசியாக லியோன், படுத்தபடியே, கோணல் எழுத்தில்.

சூசையம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எழும்பு பிள்ளை. சபைக் கந்தோர் பூட்ட முதல் இதைக் குடுக்க எல்லாருமாப் போவம்."