பின்சியின் இரண்டரை மணி நேரம்

தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்து பின்சிக்கு, அவள் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம் ஜூன் பதினொன்றாம் தேதியிலிருந்து, விடியல் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தது. சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மற்ற எல்லோருக்கும் ஆறு மணிக்கு வெளுத்தது. அவள் கட்டிலைச் சுற்றி மட்டும் எட்டரை வரை இருட்டு. அவளுடைய அம்மா கத்தரீனாள் முந்தின நாள்தான் ஒரு வீட்டில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் குவைத்துக்குப் போயிருந்தாள். ஜீப்பில் ஏறும்போது மகளிடம், "நீ எந்திரிக்கிற நேரம் நானும் எந்திரிப்பேன், அழக்கூடாது" என்று வாக்குக் கொடுத்தாள். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் கிடக்கிற ஊர் என்று தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

முதல் வாரம் சோம்பல் என்று நினைத்தார்கள். பிறகு, நடுப்பகலில் எல்லோருடைய நிழலும் காலடியில் கிடக்க, பின்சியின் நிழல் மட்டும் காலை ஒன்பதரைக்கு விழுவதுபோல மேற்கே நீண்டு கிடப்பதைப் பார்த்து, விஷயம் வேறு என்று புரிந்துகொண்டார்கள். கொதித்த பாலை அவள் கையில் கொடுத்தால் பச்சைப் பாலாகிவிட்டது. தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்த அவள் அப்பா சிலுவைராஜ், தூங்குகிறவளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார். பெஞ்சிலும் தூங்கினாள். டிஸ்பென்சரி டாக்டர் கொடுத்த மாத்திரை, விழுங்கி இரண்டரை மணி நேரம் கழித்துக் கசந்தது. பங்குச்சாமியார் ஜெபித்தார், அதற்கு அவள் 'ஆமென்' சொன்னபோது அவர் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

லயத்துக்காரர்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். லாபமும் இருந்தது. அந்தி ஆறரைக்கு எல்லா வீட்டிலும் இருட்டிய பிறகும் பின்சியின் மேல் ஒன்பது மணி வரை வெயில் இருந்தது. மழையில் கரண்ட் போகும் நாட்களில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். நனைந்த சீருடைகளை அவள் பக்கத்தில் கொடி கட்டிக் காயப்போட்ட பெண்களும் உண்டு.

ஆனால் மார்ச் மாதம் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வந்தது, அதுவும் காலை ஒன்பதரைக்கு. தேர்வறைக்குள் அரை மணி நேரத் தாமதம் வரை விடலாம், அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட முடியாது என்று ஹெச்.எம். விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். தேறாவிட்டால் மகளை முதலமடைக்குத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக சிலுவைராஜ் முடிவு செய்தார். அங்கே கட்டிக்கொடுத்து இருபது வருஷமாகி, பேச்சே மாறிப்போன அந்தத் தங்கை போனில், "அண்ணா, புள்ளைய அனுப்பி வுடுங்க. மாந்தோப்புல எந்நேரம் எந்திரிச்சாலும் வேலை இருக்குதுங்க" என்றாள். அம்மா ஒரு நாட்டில், மகள் ஒரு மாவட்டத்தில், அப்பா ஒரு மலையில் என்று அந்த வீடு மூன்றாகப் போக இருந்தது.

பின்சியோடு ஒரே ஒற்றையடிப்பாதையில் பள்ளிக்கூடம் போய்வந்தவர்கள் ஐந்து பேர். ஜிபி அவளுடைய உயிர்த்தோழி. மற்ற நால்வரும் பையன்கள்: ஷிஜு, ஜிஜோ, சந்துரு, எங்கள் வீட்டுச் சோலை. ஜிபியின் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாதவளுக்கோ பிள்ளைத்தாய்ச்சிக்கோ அன்றைய எடை தேறவில்லையென்றால், நிறுக்கப் போகும் முன் கூட இருக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். யாருக்கும் பெரிதாகக் குறையாது, அவளுக்கு நிறைந்துவிடும். ஜிபி இதையே தலைகீழாக யோசித்தாள்.

"இவளுக்குக் கொறைச்சல் இல்ல, கூடுதல். அப்ப ஆளுக்கு ஒரு பிடி அள்ளிட்டா?"

"ரெண்டரைய அஞ்சால வகுத்தா அரை" என்றான், கணக்கில் ஒருபோதும் பதினைந்து மார்க்கைத் தாண்டாத சோலை. வகுப்பில் அவன் சொன்ன ஒரே சரியான விடை அது. அதையும் வகுப்புக்கு வெளியேதான் சொன்னான்.

அந்த இரண்டரை மணி நேரமும் அதற்குள்தான் இருப்பதுபோல, பின்சி பள்ளிப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். "தரமாட்டேன். எங்கம்மா எந்திரிக்கிற நேரம்ட்டி அது. அத எடுத்துட்டா அவ அங்க தனியால்ல எந்திரிப்பா?"

ஜிபி விடவில்லை: "ஏட்டி, நாங்க என்ன ஆத்துலயா போடப்போறோம்? எங்ககிட்டதான இருக்கும். சனிக்கிழம சாயங்காலம் திருப்பித் தாறோம், ஞாயித்துக்கிழம பூரா ஒங்கம்மாகூட இரு. திங்கக்கிழம காலைல வாங்கிக்கிறோம்."

"சோலை தொலைச்சிருவான்."

"தொலைச்சா என் சொந்த அரை மணிய எடுத்துத் தாறேன், போதுமா?" என்றான் சோலை.

அப்படியே பேசி முடித்தார்கள். பள்ளிப் பையைத் திறந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள். பைக்குள் புத்தகங்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் மூடிய கை ஈரக் கொழுந்து போலக் கனத்தது. ஐந்தாவது பிடியை அள்ளியதும் பின்சியின் நிழல் விலுக்கென்று திரும்பி, மற்றவர்கள் நிழலோடு வரிசையில் நின்றது. ஜிபி தன் பிடியைச் சோற்று டப்பாவிலும், ஷிஜு ஜியாமெட்ரி பெட்டியிலும், ஜிஜோ காலுறையிலும், சந்துரு குடைக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். சோலை சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டினான்.

அன்றிலிருந்து ஐவரும் எல்லாவற்றுக்கும் அரை மணி நேரம் தாமதம். ஏழு மணிக்கே வந்து வாசலில் காத்துக் கிடந்தாலும் பள்ளிக்கூடத்து கேட் அவர்களுக்கு அரை மணி கழித்துத்தான் திறந்தது. தேர்வு நாட்களில் பின்சி ஒன்பதரைக்கு உள்ளே போனாள். பத்து மணிக்கு, விதி அனுமதித்த கடைசி நிமிஷத்தில், ஐவரும் வரிசையாக நுழைந்தார்கள். ஆறு பேரும் தேறினார்கள். கணக்கில் ஷிஜுவுக்கு ஏ பிளஸ் போயிற்று; அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான். சோலை தேறியதை ஹெச்.எம். இரண்டு முறை சரிபார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பின்சி பூசைக்கு வந்து சேரும்போது சாமியார் அங்கியைக் கழற்றி மடித்திருப்பார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. பின்சி கல்லூரி முடித்து ஆனச்சாலில் வேலைக்குச் சேர்ந்தாள். சோலை ஜீப் ஓட்டினான்; சுற்றுலாப்பயணிகள் எல்லோரும் அவன் வண்டியில் சூரிய உதயத்தை அரை மணி தாமதமாகப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லிப் போனார்கள். பிறகு கத்தரீனாள் ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். மறுநாள் தாயும் மகளும் ஆறு மணிக்கு எழுந்து, யார் முதலில் எழுந்தது என்று சண்டை போட்டார்கள். அன்று சாயங்காலம் நான்கு பேர் தங்கள் பிடியைத் தேயிலைச் செடிக்கடியில் உதறினார்கள். சோலை பட்டனைக் கழற்றவில்லை.

"இருக்கட்டும் புள்ள. ஒரு அரை மணி எதுக்காவது ஒதவும்" என்றான்.

போன வருஷம் ஜூலை மழையில் அவனுடைய ஜீப் வளைவில் சரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, இறந்த நேரம் நாலு பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்குள் சோலை பால் விடாத கட்டன் டீ ஒன்று கேட்டான். நர்ஸ் கொண்டுவந்தாள். சீனி பத்தவில்லை என்றான். டாக்டர் எழுதியதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்; திருத்துவதற்கு மனு, அதற்கு இரண்டு சாட்சி என்று ஏகப்பட்ட வேலை, ஆகவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனச்சாலிலிருந்து பின்சி ஓடி வந்தபோது நாலரை. "பாத்தியா, ஒதவும்னு சொன்னேன்ல" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். ஜீப்பின் ஹெட்லைட் உடைந்ததா என்று விசாரித்தான். அவன் அம்மாவின் கையைப் பிடித்து, மழையில் நிற்காதே என்றான். நாலு நாற்பதுக்குப் பேச்சை நிறுத்தினான். பிறகு சட்டையை எங்களிடம் கொடுத்தார்கள். பையின் பட்டன் திறந்திருந்தது.

சர்டிபிகேட்டில் நாலு பத்து என்றுதான் இருக்கிறது. அதைத் திருத்த நாங்கள் மனு கொடுக்கவில்லை. மாதத்தில் அந்தத் தேதியன்று வீட்டில் நாலு நாற்பதுக்கு விளக்கேற்றுகிறோம். பின்சி வருகிறாள்; ஒருநாளும் தாமதமானதில்லை.