உதவித்தொகையும் மாப்பிள்ளையும்

பெண் பார்க்க வருகிறவர்கள்தான் கேள்வி கேட்பார்கள். மலைமேல் வளப்பூர் நாட்டில் அன்று கேட்டது பெண். பலாச்சுளைத் தட்டை மாப்பிள்ளை முன்னால் வைத்த கையோடு அம்சவேணி கேட்டாள்:

"ஏனுங்க, உங்களுக்கு மாசாமாசம் வர்றது எந்தப் பணமுங்க?"

அவள் அண்ணன் பிரேமுக்குப் பகீரென்றது. தங்கைக்கு முப்பத்திரண்டு வயதில் வாராது வந்த வரன். இவள் ஆபீசர் மாதிரி விசாரிக்கிறாளே!

மாப்பிள்ளை அண்ணாமலை கோபப்படவில்லை. அதே மலையில் திருப்புலி நாட்டுக்காரர். மலைக்குக் கீழே மில் வேலைக்குப் போய், மெஷினில் வலது கையைப் பறிகொடுத்தவர்.

"இ.எஸ்.ஐ. பணமுங்க, தொழிலாளிங்களுக்கான காப்பீடு. சம்பளத்துல புடிச்சாங்கல்ல, அந்த உரிமையில ஆயுசுக்கும் வருது. யாரைக் கட்டிக்கிட்டாலும் நிக்காது. வருசத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டுனா எனக்கும், என்னைக் கட்டிக்கிறவங்களுக்கும் வைத்தியமும் உண்டு."

கடைசி வார்த்தையில் அவர் காது சிவந்ததை அம்சவேணி பார்த்துவிட்டாள். அவளுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் இன்னும் கறாராக இருக்க வேண்டியிருந்தது.

அவளுடைய கதை வேறு. சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியதற்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை. சந்தா எதுவும் கட்டத் தேவையில்லை. வருமானம் இல்லை என்று காட்டினால் போதும். போதாததற்கு பஸ்ஸில் அவளுக்கும் டிக்கெட் கிடையாது, துணைக்கு வருகிறவருக்கும் கிடையாது. ஆனால் வருமானம் உள்ளவரைக் கட்டிக்கொண்டால் பணம் நின்றாலும் நிற்கலாம் என்று தாலுகா ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அவள் பெயருக்கென்று வரும் காசு அது ஒன்றுதான். மிளகு பறித்த கூலிகூட அண்ணன் கைக்குத்தான் போகும்.

"கல்யாணத்தை ஆபீசுல சொல்லாம விட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று பிரேம் கிசுகிசுத்தான்.

"பணம் வாங்கப் போறப்பெல்லாம் தாலியக் கழட்டி வெச்சுட்டுப் போகட்டுமா? சும்மா இருண்ணா."

அண்ணாமலை தொண்டையைச் செருமினார். "நின்னா நிக்கட்டுமுங்க. உங்களுக்கு வேணுங்கறத நான் குடுக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அம்சவேணிக்குச் சுருக்கென்றது.

"தானா வர்றது வேற, கேட்டு வாங்கறது வேறங்க. சண்டை போட்ட அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்து எப்படிக் கேப்பேன்?"

பிரேம் தலையில் கை வைத்துக்கொண்டான். சம்பந்தம் போயே போச்சு என்று முடிவு கட்டிவிட்டான்.

அண்ணாமலை பலாச்சுளைத் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கை போனப்ப, பணம் வர்ற வரைக்கும் டீக்குக்கூடத் தம்பிகிட்டத்தான் கேட்டேன். அவன் ஒரு நாளும் இல்லைன்னதில்லீங்க. ஆனாலும் பல நாள் டீ குடிக்காமயே இருந்துக்கிட்டேன்."

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "பேங்க்குல எழுதிக் குடுத்துடறேங்க. எனக்கு வந்ததும் பாதி உங்க கணக்குக்குத் தானா வந்துடட்டும்."

"உதவித்தொகை நிக்கலைன்னா?"

"அப்பவும் வரும்."

"சண்டை போட்டா?"

"இடது கையில ஒரு கையெழுத்துப் போடறதுக்கே எனக்குப் பெரும்பாடுங்க. நிறுத்தச் சொல்லி இன்னொண்ணு யாரு போடறது?"

அம்சவேணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"நாள் பாருண்ணா," என்றாள். "ஆனா பேங்க் வேலை முதல்ல."