ஆறு மில்லிமீட்டர்

அந்த ஆய்வுக்கூடத்தை ஒரு காலத்தில் அணுக்கருச் சோதனைக்காகக் கட்டினார்கள். சுவர் ஒரு மீட்டர் கனம். ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை, கைப்பேசியை உள்ளே கொண்டுவந்தால் சிக்னல் செத்த மாதிரிதான். அணுவோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன பேராசிரியர், அதே பழைய மின்பெட்டிகளை வைத்து அதிர்ச்சி அலை எழுப்பி, கிழிந்த தசைநாணைச் சேரவைக்க முடியுமா என்று நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அணுகுண்டு. அவருக்குக் கோபம் வந்து பார்த்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள்.

அங்கே ஸ்கேன் எடுப்பவள், அக்கா தங்கை இருவரில் சின்னவள். முதல் நாளும் பத்தாவது வாரமும் நோயாளியின் குதிகாலில் கருவியை வைத்து, கிழிசல் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுத வேண்டும். பாதிப் பேருக்குத்தான் நிஜ அலை. மற்றவர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இயந்திர முனைக்குள் காற்றடைத்த நுரைவட்டு ஒன்றைச் செருகிவிடுவார்கள். 'டக் டக்' சத்தம் அதேதான், அலை மட்டும் காலுக்குப் போய்ச் சேராது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, அளப்பவளுக்கும் தெரியக் கூடாது. சொந்தக்காரர்களைச் சேர்க்கவே கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் அவள் காற்றில் பறக்கவிட்டாள். அக்கா பேருந்து ஓட்டுபவள். பிரேக் மிதிக்கிற வலது குதிகால் நாணில் மூன்று மில்லிமீட்டர் கிழிசல், மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்குத் தேதியே கொடுத்துவிட்டார். "கத்தி எதுக்குக்கா? எங்க மெஷின்லயே சரியாயிடும்" என்று இவள் பெருமையடித்து, தேதியை ரத்து செய்யவைத்து, 'உறவினர் அல்லர்' என்று கையெழுத்தும் போட்டாள். அதிகப்பிரசங்கி! நுரைவட்டு அக்காவுக்கே விழலாம் என்று ஒரு நொடி யோசித்தாளா? அதுதான் இல்லை.

பத்தாவது வாரம், அக்காவுக்குக் கடைசி அலை கொடுத்து முடித்திருந்தார்கள். ஸ்கேனுக்கு ஜெல் எடுக்க அடுத்த அறைக்குப் போன சின்னவள் இயந்திர முனையைப் பார்த்தாள். இயக்குபவர் கழற்ற மறந்த நுரைவட்டு அதிலேயே இருந்தது.

திரும்பி வந்து அளந்தாள். ஆறு. கருவியை நேராக வைத்து மறுபடி அளந்தாள். ஆறேதான்.

சொன்னால் வேலை போச்சு. பொய்க் கையெழுத்துப் போட்டவள் அளந்த கணக்கை எவன் நம்புவான்? அணுகுண்டின் நாலு வருஷமும் சேர்ந்து போச்சு. சொல்லாவிட்டால் அக்கா நாளைக்கே வேலைக்குத் திரும்பி பிரேக்கை மிதிப்பாள். ஒரே மிதியில் நாண் முழுசாக அறுந்துபோகலாம், அதுவும் வண்டி நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு. மென்று விழுங்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கனத்த கதவு திறந்தது. "என்னம்மா, இன்னைக்கோட எல்லா அளவும் முடிஞ்சிடும்ல?" என்றார் பேராசிரியர்.

"முடிஞ்சிடும் சார்."

கதவு மூடிக்கொண்டது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அக்கா. "நல்லாத்தானே இருக்கு?"

அக்கா வாராவாரம் பத்துக்கு இவ்வளவு வலி என்று எழுதிக்கொடுத்த மதிப்பெண்கள் மேசையில் இருந்தன. எட்டு, ஆறு, நாலு. இன்றைக்கு ஒன்று. அதைப் பார்த்ததும் சின்னவளுக்குத் தாங்கவில்லை, உடைந்துவிட்டாள்.

"உனக்கு ஒண்ணுமே குடுக்கலக்கா. வெறும் சத்தம்தான். கிழிசல் ரெண்டு மடங்காயிடுச்சு."

"அதான பார்த்தேன்" என்றாள் அக்கா. "வலி ஒரு துளி குறையலடி. படியேறினா உயிர் போகுது."

"அப்புறம் ஏன்க்கா ஒண்ணுன்னு எழுதின?"

"ஒவ்வொரு வாரமும் வாசல்லயே நின்னு என் மூஞ்சியையே பார்ப்பியே. வலிக்குதுன்னு சொன்னா நீ இடிஞ்சு போயிடுவ. அதான்." கையை நீட்டித் தங்கையின் கன்னத்தைத் துடைத்தாள். "சரி சரி, அழாத. இப்பப் போய் ஆபரேஷன் பண்ணிக்கிறேன். மறுபடி பஸ் ஓட்டலாம்ல?"

சின்னவள் பொய் சொல்லப் பார்த்தாள். வாய் வரவில்லை.

"மூணா இருந்தப்பவே பண்ணியிருந்தா ஓட்டியிருப்பக்கா. இப்ப... தெரியலக்கா."

கன்னத்திலிருந்த கையை அக்கா எடுத்துக்கொண்டாள்.