உலரக் கூடாத புட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதையல்ல. கல்லூரி வேதியியல் கூடத்தில் ஸ்டோர்கீப்பராக இருக்கும் என் அக்கா இன்று மதியம் போனில் அழுதாள். அழுகை ஓய்வதற்குள் நான் தாளை எடுத்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

'அலமாரிக்குள் மஞ்சள் மரணம் காத்துக்கொண்டி—' சீ, சினிமா வசனம். அடித்தாயிற்று.

2

மறுபடி. ஈரம் என்றாலே அவளுக்கு ஆகாது. நனைந்த லேபிளைக் கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. போன வருடம் பிக்ரிக் அமிலப் புட்டியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தாள். "எந்தப் புண்ணியவான் கழுவிட்டு அப்படியே மூடுனான்?" என்று திட்டிக்கொண்டே தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவைத்து, மூடியை இறுக்கினாள்.

(குறுக்கே ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீர்தான் காவல். இந்தச் சேர்மத்தின் ஒரே மூலக்கூறுக்குள் எரியும் கரியும் இருக்கிறது, எரிக்கும் ஆக்சிஜனும் இருக்கிறது. நைட்ரஜனோ தன் இனத்தோடு ஜோடி சேர்ந்து வாயுவாகப் பறக்கப் பார்க்கிறது. பிரிந்து வேறு விதமாகச் சேர்ந்தால் எல்லோருக்கும் நிம்மதி. நடுவே தடுத்து நிற்பது ஒரு குட்டைச் சுவர்தான். காய்ந்துவிட்டால் அதைத் தாண்டி வெடிக்க ஒரு உரசல் போதும்.)

3

இன்று காலை வந்த சுற்றறிக்கையில்தான் 'எப்போதும் நீருக்கடியில்' என்று படித்திருக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தால் மூடியின் மரை இடுக்கில் மஞ்சள் பொடி. மூடியைத் திருகுவதே உரசல்தான்.

"துறைத்தலைவர்கிட்ட சொல்லேன்க்கா."

"சொன்னா? பன்னெண்டு வருஷம் தற்காலிகமா இருந்துட்டு இந்த மாசம்தான்டா நிரந்தரம் பண்றாங்க. நானே மெதுவா திறந்து தண்ணி ஊத்திடறேன். யாருக்கும் தெரியாது."

"பைத்தியமா உனக்கு? தொடாத!"

சரி என்றாள். நானும் நம்பி எழுத உட்கார்ந்தேன்.

4

முடிவுகள்:

(அ) சொல்லிவிடுகிறாள். கட்டடத்தைக் காலி செய்கிறார்கள். வேலை போகிறது.

(ஆ) திறக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

இங்கே வந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"எழுதிட்டுதானே இருக்க? உன்னைத் தெரியாதா. நான் திறந்து ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கா?"

"ரெண்டாவது முடிவு அதான்."

"எது நல்லா இருக்கு?"

"ரெண்டாவதுதான்க்கா நல்லா வந்திருக்கு."

"சரிடா" என்று வைத்துவிட்டாள்.

5

என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. (ஆ)வை அடித்துவிட்டேன், அது அவளுக்கு எப்படித் தெரியும்? போன் அடிக்கிறது, எடுக்கமாட்டேன் என்கிறாள்.

துறைத்தலைவரின் எண்ணைத் தேடி அழுத்துகிறேன். வேலை போகும். அப்புறம் ஜென்மத்துக்கும் என் முகத்தில் முழிக்கமாட்டாள். பரவாயில்லை, முழிக்காமல் திட்டிக்கொண்டு உயிரோடு இருக்கட்டும்.

மணி அடிக்கிறது. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அவள் மூடியைத் திருகுவதற்கு முன் அந்தப் பக்கம் யாராவது 'ஹலோ' என்று சொல்லட்டும்.